தரை சூடாகவில்லையா? முதலில் மேனிஃபோல்டைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் உழைத்த தரையடி வெப்பமூட்டல் ஒரு குளிர்காலத்தில் முரண்டு பிடிக்கிறது. கூடம் வெந்துபோகிறது, படுக்கையறைத் தரையில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சில்லிப்பு. யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வந்துவிடும். தரைக்குள் குழாய் அடைத்துக்கொண்டது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பார் ஒருவர். பாய்லரின் சூட்டைக் கூட்டுங்கள் என்பார் இன்னொருவர். வெந்நீரை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டையே கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றும் சில வீடுகளில் சரியாகவே இருக்கலாம். எந்த வீட்டில் எது சரி என்று பார்க்காமல் சொல்வதுதான் தொல்லை. செலவும் ஆகிறது, குளிரும் அப்படியே நிற்கிறது.

தரைக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. முறையாகப் பதித்திருந்தால் இடையில் இணைப்பும் இருக்காது. மேனிஃபோல்டு இருக்கும் பெட்டியில் தொடங்கி அறையைச் சுற்றிவிட்டு அதே பெட்டிக்குத் திரும்பும் ஒரே துண்டு அது. இப்போது புழங்கும் குழாய்கள் 50 ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டே தயாரிக்கப்படுகின்றன. அசைவது, திறப்பது, மூடுவது, ரப்பர் வளையத்தை நம்பி நீரைத் தடுத்து நிற்பது, இவையெல்லாம் நடப்பது சுவரோரம் இருக்கும் அந்தப் பெட்டிக்குள். எனவே முதுமை முதலில் அங்கேதான் தெரியும். தரையை உடைக்கும் பேச்சு கடைசியாக வர வேண்டியது.

இங்கே சொல்வதெல்லாம் குழாயில் வெந்நீர் ஓடும் அமைப்பைப் பற்றி. மின்கம்பி பதித்துச் சூடாக்கும் தரைக்கு மேனிஃபோல்டே கிடையாது.

ஒரு வாய்க்கால், பல வயல்கள்

ஒரு வாய்க்காலிலிருந்து பத்து வயல்களுக்கு நீர் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மடைகளையும் முழுக்கத் திறந்துவிட்டால் தலைமடை வயல் நிரம்பி வழியும்; கடைமடைக்குச் சொட்டுதான் போய்ச் சேரும். வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் நீரைத் திறந்துவிட்டாலும் அதிலும் பெரும்பங்கைத் தலைமடையே எடுத்துக்கொள்ளும். கடைமடை நனைய வேண்டுமானால் தலைமடையை ஓரளவு அடைக்க வேண்டும். வேறு வழியில்லை.

தரையடி வெப்பமூட்டலில் வாய்க்காலின் இடத்தில் இருப்பது மேனிஃபோல்டு. ஒரு பெரிய குழாயில் வரும் வெந்நீரைப் பல சிறிய குழாய்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அறைகளைச் சுற்றித் திரும்பும் நீரை மறுபடி ஒன்றுசேர்க்கும் இரட்டைக் குழாய்த் தொகுதி அது. தரைக்குள் ஓடித் திரும்பும் ஒவ்வொரு சிறு குழாயையும் ஒரு சுற்று என்கிறோம். சிறிய அறைக்கு ஒரு சுற்று போதும். பெரிய கூடத்துக்கு இரண்டு மூன்று வேண்டியிருக்கும்.

வயலில் தூரம் செய்யும் வேலையை இங்கே குழாயின் நீளம் செய்கிறது. நீளமான சுற்றில் உராய்வு அதிகம், எனவே நீர் அதில் நுழையத் தயங்கும். 30 மீட்டர் சுற்றும் 90 மீட்டர் சுற்றும் ஒரே மேனிஃபோல்டில் முழுக்கத் திறந்து கிடந்தால், குட்டைச் சுற்றில் ஓடும் நீர் நெட்டைச் சுற்றில் ஓடுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் தேவை நேர்மாறானது: நெட்டைச் சுற்றுதான் மூன்று மடங்கு பரப்பைச் சூடாக்க வேண்டும். குளியலறை கொதித்துக் கூடம் குளிர்வதற்கு இதுவே போதும். எந்தப் பாகமும் கெட்டிருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் தேவைக்கேற்ற நீர் போகும்படி குட்டைச் சுற்றுகளை நெருக்கிவைக்கும் வேலைக்குச் சமன்செய்தல் என்று பெயர். பழைய அமைப்புகளில் பழுது என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்தச் சமன் குலைந்ததுதான். யாரோ ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: மேனிஃபோல்டு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, பங்கிடுகிறது. பங்கீடு தவறினால் ஓர் அறைக்கு அதிகமும் இன்னோர் அறைக்குக் குறைவும் போகும். பம்பின் வேகத்தையோ பாய்லரின் சூட்டையோ கூட்டினால் அந்தத் தவறு அப்படியே பெரிதாகும்.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன

பெட்டியைத் திறந்தால் கிடைமட்டமாக இரண்டு தடித்த குழாய்கள் தெரியும். ஒன்று போக்குக் குழாய். சூடான நீர் இதிலிருந்து சுற்றுகளுக்குப் போகிறது. மற்றது வரவுக் குழாய். ஆறிய நீர் இதற்குத் திரும்புகிறது. பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, கடினப் பிளாஸ்டிக் என எதிலும் இவற்றைச் செய்திருப்பார்கள்.

போக்குக் குழாயின் மேல் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிபோல நிற்பவை ஓட்டமானிகள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை உள்ளே நகரும் ஒரு சிறு மிதவை காட்டும். பெரும்பாலான மாதிரிகளில் இதையே திருகி ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

வரவுக் குழாயின் மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வால்வு. அதன் தலையில் ஒரு மெல்லிய உலோக ஊசி துருத்திக்கொண்டிருக்கும். ஊசியை அழுத்தினால் வால்வு மூடும். விட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அதைத் தள்ளித் திறக்கும். இந்த ஊசியின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருப்பது ஆக்சுவேட்டர். அறையின் சூட்டைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் சூடு வேண்டும் என்று சொன்னதும் ஆக்சுவேட்டருக்கு மின்சாரம் வரும். உள்ளிருக்கும் மெழுகு சூடேறி விரியும், தொப்பி மேலேறும், ஊசி விடுபட்டு வால்வு திறக்கும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். மின்சாரம் நின்றால் ஆக்சுவேட்டரின் வலுவான வில் ஊசியை மறுபடி அழுத்திவிடும். வழக்கமான வகை இப்படித்தான் இயங்குகிறது. ஆக, கோடை முழுவதும் அந்த ஊசி அழுத்தப்பட்டே கிடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேனிஃபோல்டுக்கு முன்னால் பல வீடுகளில் ஒரு கலப்பு வால்வும் பம்பும் இருக்கும். பாய்லர் நீர் 60, 70 டிகிரி செல்சியஸ் வரை வரலாம். தரைக்கு வேண்டியது பொதுவாக 35 முதல் 45 டிகிரிதான். திரும்பிவரும் ஆறிய நீரைச் சூடான நீருடன் கலந்து இந்த அளவுக்குக் கொண்டுவருவது கலப்பு வால்வு. மக்கள் நடமாடும் பகுதியில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. பாய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் நீரே குறைந்த சூட்டில் வருவதால் பெரும்பாலும் கலப்பு வால்வு தேவைப்படுவதில்லை.

இவை தவிர, காற்றை வெளியேற்றும் சிறு வால்வு, நீர் நிரப்பவும் வடிக்கவும் இரண்டு குழாய்முனைகள், முழு மேனிஃபோல்டையும் தனியே பிரித்து அடைக்க இரண்டு பந்து வால்வுகள்.

எவ்வளவு நீர், எவ்வளவு சூடு

ஓட்டமானியின் எண்ணைப் பார்த்து அது நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு சுற்றில் நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடி, அது போகும்போதைவிட 5 டிகிரி ஆறித் திரும்பினால், அந்த அறைக்கு ஏறத்தாழ 350 வாட் வெப்பம் கிடைத்திருக்கிறது. 2 லிட்டர் ஓடினால் 700 வாட். ஓட்டம் பாதியானாலும் வெப்பம் அப்படியே பாதியாகிவிடாது. நீர் மெதுவாகப் போவதால் இன்னும் கொஞ்சம் ஆறித் திரும்பும். மிதவை சுழியத்தில் நின்றால் மட்டும் எந்தச் சமாதானமும் செல்லாது. அந்த அறைக்கு எதுவும் போகவில்லை.

போக்குக்கும் வரவுக்கும் 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் நலமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். இரண்டு குழாய்களையும் தொட்டால் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தச் சுற்றில் தேவைக்கு மேல் நீர் ஓடுகிறது. ஒன்று சுட்டு மற்றது சில்லென்றிருந்தால் ஓட்டம் போதவில்லை. கைக்கணக்கு தோராயமானது, குழாயில் கட்டிவைக்கும் மலிவான வெப்பமானி இதைத் துல்லியமாகச் சொல்லும்.

முதுமை எங்கெல்லாம் தெரிகிறது

பழைய பெட்டி ஒன்றின் அருகே விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். திருகு இணைப்பின் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். கீழே நீர் தேங்கியிருக்காது. சொட்டு விழுவதற்கு முன்பே குழாயின் சூட்டில் காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த தாதுக்கள் மட்டும் படிந்து நிற்கின்றன. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் பல ஆண்டுச் சூட்டில் இறுகிப்போனதன் அடையாளம் அது. இப்படிப்பட்ட இணைப்பை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் அதிகம். இறுகிய ரப்பர் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்காது. அதற்குள் மூட்டு விரிசல் விட்டுவிடும். வளையத்தை மாற்றுவதே வழி.

அடுத்து ஓட்டமானியின் குப்பி. புதிதாக இருந்தபோது தெளிவாக இருந்தது இப்போது பழுப்பேறியோ கறுத்தோ கிடக்கும், மிதவை இருக்கும் இடமே தெரியாது. அந்தக் கறுப்பின் பெயர் மேக்னடைட். அமைப்பிலுள்ள இரும்புப் பாகங்கள் அரித்து உண்டாகும், காந்தத்தில் ஒட்டும், மிக நுண்ணிய கறுப்புத் துகள் அது. குப்பியில் படிந்திருக்கிறதென்றால் வால்வு ஊசியைச் சுற்றியும், பம்பின் உள்ளேயும், கலப்பு வால்வின் சல்லடையிலும் படிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இரும்பு அரிக்க ஆக்சிஜன் வேண்டும். நன்றாக மூடிய அமைப்பில் முதலில் நிரப்பிய நீரிலிருந்த ஆக்சிஜன் விரைவில் தீர்ந்து, அரிப்பு அடங்கிவிடும். அடங்காமல் போக இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, எங்கோ கசிகிறது. அழுத்தம் குறையும்போதெல்லாம் புதுநீர் விட்டு நிரப்புகிறோம். ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. இரண்டாவதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. சாதாரணப் பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். இதைத் தடுக்கப் பின்னாளில் குழாயின் மேல் ஆக்சிஜன் தடுப்புப் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் டிஐஎன் 4726 தரவிதி இந்த ஊடுருவலுக்கு வரம்பு வைக்கிறது. 1970களிலும் 1980களிலும் பதித்த பல குழாய்களில் அந்தப் படலம் கிடையாது. அத்தகைய வீட்டில் மேனிஃபோல்டை எத்தனை முறை மாற்றினாலும் கறுப்பு மறுபடி வந்து சேரும்.

பித்தளைக்கும் தனி நோய் உண்டு. சில வகைப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது செம்பு நிறத்தில், பஞ்சுபோல நுண்துளை விழுந்த உலோகம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு அரிக்காது, ஆனால் அதிகம் இறுக்கிய இடத்தில் ஆண்டுகள் கழித்து விரிசல் விடும். இரண்டில் எது மேல் என்று கேட்டால் என் பதில்: மாற்றுப் பாகம் எளிதில் கிடைப்பது எதுவோ அது.

சுருக்கமாக: முதுமை என்பது இறுகிய ரப்பர், ஒட்டிக்கொண்ட ஊசி, கறுப்புப் படிவு, களைத்த உலோகம். முதல் மூன்றும் பாகம் பாகமாகத் தீரும். நான்காவதுக்குத்தான் முழு மேனிஃபோல்டும் மாற வேண்டும்.

எது கெட்டது என்று கண்டுபிடிப்பது

ஓர் அறை மட்டும் குளிர்கிறதா, எல்லா அறைகளும் குளிர்கின்றனவா? இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். எல்லாம் குளிர்ந்தால் பம்பு, கலப்பு வால்வு, பாய்லர் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்தால் அந்தச் சுற்றின் தெர்மோஸ்டாட், ஆக்சுவேட்டர், வால்வு, ஓட்டமானி ஆகிய நான்கையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

அந்த வரிசையை நிதானமாகப் பார்ப்போம். குளிரும் அறையின் தெர்மோஸ்டாட்டை உயர்த்திவைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஆக்சுவேட்டரின் குறிகாட்டி மேலெழுந்திருக்க வேண்டும், தொட்டால் லேசான சூடு தெரிய வேண்டும். எழவில்லை, சூடும் இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை அல்லது ஆக்சுவேட்டர் செத்துவிட்டது. பக்கத்துச் சுற்றின் நல்ல ஆக்சுவேட்டரைக் கழற்றி இங்கே பொருத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் சில ஆக்சுவேட்டர்கள் 230 வோல்ட்டில் இயங்குபவை. கம்பியில் கைவைப்பதற்கு முன் மின்சாரத்தை முற்றாக நிறுத்த வேண்டும். கம்பி இணைப்பு பழக்கமில்லாதவர்கள் இதை மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆக்சுவேட்டர் நன்றாக இருந்தும் மிதவை அசையவில்லையா? ஆக்சுவேட்டரைத் திருகிக் கழற்றுங்கள். நீர் வெளியே வராது. இப்போது ஊசி தெரியும். ஏதோ ஒரு தட்டையான, கடினமான பொருளால் அதை நேராக அழுத்துங்கள். நல்ல வால்வில் ஊசி சில மில்லிமீட்டர் உள்ளே போகும், விட்டதும் வில்லின் உதையுடன் எழும். அந்த உதை விரலில் தெளிவாகத் தெரியும். ஒட்டிக்கொண்ட வால்வில் ஊசி ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கும், அழுத்தினாலும் அசையாது, அல்லது போனது போனதுதான், எழாது. கோடை முழுவதும் அழுத்தப்பட்டுக் கிடந்து, சுற்றிலும் படிவு இறுகியதன் விளைவு இது.

மெல்லத் தட்டி, அழுத்தி, மறுபடி அழுத்தி, பத்திருபது முறை பொறுமையாகச் செய்தால் பல ஊசிகள் விடுபட்டுவிடும். இடுக்கியால் பிடித்து இழுக்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். தயவுசெய்து இழுக்காதீர்கள். ஊசி கழன்று கையோடு வந்தால் அதன் துளை வழியே அழுத்தத்துடன் வெந்நீர் பீறிடும். விடுபட்ட ஊசியும் நிரந்தரத் தீர்வு என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒட்டியது மறுபடி ஒட்டும் வாய்ப்பு அதிகம். வால்வின் உட்பாகத்தைத் தனியாக வாங்கி மாற்றலாம். பெரும்பாலான மாதிரிகளில் அதற்கு மேனிஃபோல்டை அடைத்து நீரை வடிக்க வேண்டும்.

ஊசி நன்றாக எழுகிறது, ஓட்டமானியும் திறந்திருக்கிறது, மற்ற சுற்றுகளை அடைத்தும் இந்தச் சுற்றில் மட்டும் ஓட்டமில்லை. இப்போதுதான் சந்தேகம் தரைக்குள் இறங்க வேண்டும். அங்கேயும் முதலில் காற்றுக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் சிக்கிய காற்றுக் குமிழி நீரின் வழியை மறித்துவிடும். அந்தச் சுற்றை மட்டும் வேகமான நீரால் அலசினால் அது வெளியேறும்.

எல்லா அறைகளும் ஒருசேரச் சரியில்லாதபோது கலப்பு வால்வை நோக்குங்கள். மேனிஃபோல்டுக்கு வரும் நீர் ஒரு நாள் 30 டிகிரி, மறுநாள் 55 டிகிரி என்று அலைந்தால், அல்லது குமிழைத் திருப்பினாலும் மாறாமல் நின்றால், அதன் உணரியோ உட்பாகமோ போய்விட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். குழாயைச் சுற்றியுள்ள சிமென்ட் தளம் 55 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது. மரத்தரை அதற்கும் முன்பே நெளியும். இதற்காகவே வைத்திருக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் அடிக்கடி பம்பை நிறுத்துகிறதென்றால், அதைக் குறைசொல்லிக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தன் வேலையைச் செய்கிறது. கெட்டது கலப்பு வால்வு.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

ஒரு ஆக்சுவேட்டர், ஒரு ஊசி, ஒரு மங்கிய ஓட்டமானி, ஒரு கசியும் வளையம்: இவற்றுக்காக முழு மேனிஃபோல்டை மாற்றுவது வீண். ஆக்சுவேட்டருக்கு நீரைக்கூட வடிக்க வேண்டாம். அதன் திருகு அளவு பெரும்பாலும் எம்30 × 1.5 என்ற பொது அளவே. வோல்ட்டும், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகையா திறந்திருக்கும் வகையா என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும். வகை மாறிப்போனால் சூடு கேட்கும்போது மூடும், வேண்டாம் என்னும்போது திறக்கும்.

உடலிலேயே விரிசல் விட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். பித்தளை நிறம் மாறிப் பல இடங்களில் பூத்திருந்தாலும் அப்படியே. பாதிக்கு மேற்பட்ட வால்வுகள் ஒட்டியிருக்க, தயாரிப்பாளரோ அந்த மாதிரியை நிறுத்திவிட்டார், உட்பாகம் கிடைக்காது என்றால் ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதைவிடப் புதிது போடுவது மேல். ஓட்டத்தைப் பார்க்கவோ திருத்தவோ எந்த வசதியும் இல்லாத மிகப் பழைய மேனிஃபோல்டு கசியாவிட்டாலும் மாற்றத் தகுந்ததே என்பது என் கருத்து. சமன்செய்ய முடியாத பங்கீட்டில் எந்த அறையும் சுகப்படாது.

எதைச் செய்வதானாலும் முதலில் நீரைப் பாருங்கள். வடிகுழாய்முனையிலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, வெளிப்பக்கம் ஒரு காந்தத்தைத் தேய்த்துப் பாருங்கள். அடியில் படிந்த கறுப்பு காந்தத்தோடு சுவரேறி வந்தால் அது மேக்னடைட். அப்படியானால் அலசுவதும், காந்த வடிகட்டி பொருத்துவதும், அரிப்புத் தடுப்பு மருந்து சேர்ப்பதும் வேலையின் பகுதி. அவற்றை விட்டுவிட்டுப் புது மேனிஃபோல்டு மட்டும் போட்டால் பழைய அழுக்கு புது வால்வுகளில் போய் உட்காரும்.

மாற்றும் வேலையில் இடறும் இடங்கள்

மேனிஃபோல்டை மாற்றுவது பழகிய கைகளின் வேலை. என்ன நடக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

முதல் இடறல் பெயரிடாமல் கழற்றுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முனைகள். எட்டுச் சுற்றுக்குப் பதினாறு ஒரே நிறக் குழாய்கள். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் அறையின் பெயரும் போக்கா வரவா என்பதும் எழுதி ஒட்ட வேண்டும். ஓட்டமானிகளின் அளவையும் குறித்துப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரவு முனைகள் இரண்டு இடம் மாறிவிட்டால் நீர் ஓடும், தரையும் சூடாகும். ஆனால் இந்த அறையின் தெர்மோஸ்டாட் அடுத்த அறையை ஆளும். ஒருவர் குளிரில் தெர்மோஸ்டாட்டை உயர்த்திக்கொண்டே இருப்பார், அடுத்த அறையில் இருப்பவர் வேர்த்துக்கொட்டுவார். இரண்டு முனைகளும் போக்குக் குழாயிலேயே மாட்டிக்கொண்டால் அந்தச் சுற்றில் நீர் ஓடவே ஓடாது.

இரண்டாவது, குழாயின் அளவு. குழாயின் மேல் 16 × 2 என்பதுபோல் அச்சிட்டிருக்கும்: வெளிவிட்டம் 16 மி.மீ., சுவரின் தடிமன் 2 மி.மீ. 17, 18, 20 மி.மீ. குழாய்களும் புழக்கத்தில் உண்டு. குழாயை மேனிஃபோல்டுடன் பிணைக்கும் இணைப்பி இந்த இரண்டு எண்களுக்கும் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் முதல் நாள் பிடித்துக்கொண்டது போலத் தோன்றி, குளிர்காலத்தின் நடுவில் கழலும்.

மூன்றாவது, நீளம். முனையை நேராகவும் பிசிறில்லாமலும் வெட்டினால்தான் இணைப்பியின் வளையம் நன்றாக உட்காரும். ஒவ்வொரு வெட்டிலும் குழாய் கொஞ்சம் குறையும். புது மேனிஃபோல்டின் முனைகள் பழையதைவிட உயரத்தில் இருந்தால் குழாய் எட்டாது. இழுத்து எட்டவைக்கக் கூடாது. நீளத்தை முன்கூட்டியே அளந்து, அதற்கேற்ற மேனிஃபோல்டை வாங்குவதுதான் முறை. ரப்பர் வளையத்தால் அடைக்கும் இந்த இணைப்புகளில் திருகுமரையில் சணலோ டேப்போ சுற்ற வேண்டியதில்லை. சுற்றினால் சரியாக உட்காராது.

நீரை வடிப்பது பலரும் அஞ்சும் அளவுக்குப் பெரிய வேலையில்லை. பந்து வால்வுகள் இரண்டையும் அடைத்தால் மேனிஃபோல்டு தனியாகிவிடும். தரையிலுள்ள குழாய்கள் தாழ்வாக இருப்பதால் அவற்றின் நீர் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஆனால் பல ஆண்டுகள் திருப்பாத பந்து வால்வு இறுகிப்போயிருக்கும். அதோடு மல்லுக்கட்டினால் உடையும். அப்போது முழு அமைப்பையும் வடித்துவிட்டு அந்த வால்வுகளையும் சேர்த்து மாற்றுவதே பாதுகாப்பு. உறைதடுப்பு மருந்து கலந்த நீராக இருந்தால் சாக்கடையில் விடாமல் சேகரித்து முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

நிரப்புதல், அலசுதல், சமன்செய்தல்

புது மேனிஃபோல்டு நின்றதும் அதையும் சுற்றுகளையும் மட்டும் தனியே அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். பந்து வால்வுகள் அடைத்திருக்க வேண்டும்; வீட்டுப் பாய்லரின் பாதுகாப்பு வால்வு வழக்கமாக 3 பார் அழுத்தத்திலேயே திறந்துவிடும்.

அலசுவது சுற்றுச் சுற்றாக. ஒன்றை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி, போக்குப் பக்கம் நீரை விட்டு வரவுப் பக்கம் வாளியில் பிடிக்க வேண்டும். 16 × 2 அளவுள்ள 100 மீட்டர் குழாயில் சுமார் 11 லிட்டர் நீர்தான் இருக்கிறது, ஆனால் 11 லிட்டர் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. வாளிக்குள் அமிழ்த்திய குழாய் முனையிலிருந்து குமிழி வருவது நின்று, நீர் தெளியும்வரை ஓட வேண்டும். எல்லாச் சுற்றுகளையும் ஒன்றாகத் திறந்து அலசினால் நீர் மறுபடி எளிதான சுற்றுகளிலேயே ஓடும். காற்று நீளமான சுற்றில் தங்கிவிடும்.

பிறகு சமன்செய்தல். எல்லா ஆக்சுவேட்டர்களும் திறந்திருக்க, மிக நீளமான சுற்றின் ஓட்டமானியை முழுக்கத் திறந்துவைத்து, மற்றவற்றை அவற்றின் தேவைக்கு இறக்குவதுதான் முறை. ஒன்றை இறக்கினால் மற்றவை ஏறும். எனவே எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை திருத்தினால்தான் எண்கள் நிலைக்கும். புதிதாக வரும் ஆக்சுவேட்டர்கள் பல, பொருத்த எளிதாக இருக்கட்டும் என்று திறந்த நிலையிலேயே பூட்டப்பட்டு வரும். முதல் முறை சில நிமிடம் மின்சாரம் கொடுத்தால்தான் அந்தப் பூட்டு விடுபடும். இது தெரியாமல் புது ஆக்சுவேட்டர் மூடவில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

திருகியதன் பலன் உடனே தெரியாது. சிமென்ட் தளம் சூடேறப் பல மணி நேரம் எடுக்கும். ஒரு திருத்தம் செய்தால் ஒரு நாளாவது விட்டுவிட்டு அறைகளைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 28க்கு ஏற்றினால் சீக்கிரம் சூடாகும் என்பதும் பரவலான நம்பிக்கை. அது திறக்கும், மூடும். வேகம் கூட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. முடிந்த அளவுகளைத் தேதியுடன் எழுதிப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிட்டால் அடுத்துத் திறப்பவர் எதையும் ஊகிக்க வேண்டாம். கோடையிலும் மாதம் ஓரிரு முறை பம்பையும் எல்லா வால்வுகளையும் சில நிமிடம் இயக்கினால் ஊசிகள் ஒட்டாது. பல கட்டுப்பாட்டுக் கருவிகள் இதைத் தாமாகவே செய்யும், அந்த வசதி இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காந்த வடிகட்டியை முதல் மாதத்திலேயே ஒருமுறை கழுவ வேண்டும். அமைப்பின் மூலைகளில் கிடந்த பழைய துகள் கிளம்பிவரும் நேரம் அது. அடுத்த கழுவலில் கறுப்பு குறைந்திருந்தால் கவலையில்லை. குறையாமல் வந்துகொண்டே இருந்தால் முதலில் அழுத்தமானியைக் கவனியுங்கள். அழுத்தம் இறங்குகிறதென்றால் கசிவைத் தேட வேண்டும். அழுத்தம் நிலையாக நின்றும் கறுப்பு வந்தால், குழாயின் மேல் அச்சிட்டதைப் படித்து ஆக்சிஜன் தடுப்புப் படலம் உண்டா என்று பாருங்கள். இல்லாத வீட்டில், பாய்லர் பக்கத்து நீரையும் தரைப்பக்கத்து நீரையும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் தட்டு வெப்பப் பரிமாற்றி ஒன்றை இடையில் வைத்து, தரைப்பக்கம் முழுவதும் துருப்பிடிக்காத பாகங்களையே பயன்படுத்த வேண்டும். பம்பும் வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஆனதாக இருக்க வேண்டும்.